மெய்ப்பொருளார் துணிவு



திருக்குட நன்னீராட்டு இனிது நிறைவேறிய இந்நன்னாளில், கொண்ட கொள்கைக்காகத் தம்மையே பணயம் வைத்த ஓர் அடியவரை நினைவுகூர விழைகின்றேன். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் அருளிய பெரிய புராணம் போற்றும் மெய்ப்பொருள் நாயனாரே அவர்.

துணிவு என்றவுடன் போர்க்களமே நம் நினைவுக்கு வரும். பெண்ணையாற்றங்கரைத் திருக்கோவலூரிலிருந்து சேதி நாட்டை ஆண்ட நாயனாருக்கு அத்துணிவும் குறைவின்றி இருந்தது. முத்தநாதன் என்னும் பகைவன் அவரோடு பன்முறை பொருது தோற்றான். ஆயினும் சேக்கிழார் நமக்குக் காட்டும் துணிவு வேறு.

களத்தில் வெல்லமாட்டாதவன், சிவனடியார் கோலம் பூண்டு, சுவடிக் கட்டினுள் படையை மறைத்து, அரண்மனை புகுந்தான். அரசர் துயில்கின்றார் என்று வாயில் காத்த தத்தன் கூறியும் கேளாது உட்சென்றான். எங்கும் கிடைத்தற்கரிய ஆகமம் ஒன்றைத் தனித்தே உபதேசிக்க வேண்டும் என்றான். நாயனார் தேவியாரை அகலச் செய்து, அவனை ஆசனத்தில் இருத்தித் தாம் தரையில் அமர்ந்து வணங்கினார். சுவடி அவிழ்ந்தது; படை பாய்ந்தது.

'இஃது அறியாமையன்றோ? வந்தவனை ஆராய வேண்டாவோ?' என்று இளைஞர் வினவுவர். நேர்மையான வினாவே. அரசர் ஏமாந்தார் என்றே வைத்துக்கொள்வோம். ஏமாந்தவர், வஞ்சம் வெளிப்பட்டவுடன் வெகுள்வதன்றோ உலகியல்பு? தத்தன் வாளோடு பாய்ந்தபோது, வீழ்கின்ற நாயனார் கையால் தடுத்தார். அவர் நம்மைச் சேர்ந்தவர் என்றார். இடையூறின்றி அழைத்துச் சென்று விடுக என்று பணித்தார். முன்னர்ச் செய்ததை அறியாது செய்தார் எனலாம். இதனை அறிந்தே செய்தார். அணிந்தவன் பொய்யனாயினும் அணிந்த நீறு பொய்யாகாது என்பது அவர் கொள்கை. உயிர் போகும் வேளையிலும் அக்கொள்கை அவரை விட்டுப் போகவில்லை.

தத்தன் செயலும் எளிதோ? சினந்து சூழ்ந்த மக்களை அரசர் ஆணை கூறி விலக்கினான். தன் தலைவரைக் குத்தியவனைத் தானே காத்து, ஊர் கடத்தி விட்டு வந்தான். அச்செய்தியைக் கேட்கும்வரை நாயனார் உயிர் தாங்கியிருந்தார். பின்னர், திருநீற்றின்பால் வைத்த அன்பைப் பேணிக் காக்குமாறு உரியவர்களிடம் கூறி, இறைவன் திருவடி சேர்ந்தார்.

அன்பர்களே! இத்திருக்கோயிலுக்குக் கல்லும் பொன்னும் நெல்லும் உவந்தளித்தீர்கள். நாளை இவ்வாயிலில் நீறணிந்த ஒருவர் பசித்து நிற்பார். மெய்யடியாரோ, வயிற்றுக்காக வேடம் பூண்டவரோ, நாம் அறியோம். நாயனார் உயிரையே பணயம் வைத்தார். நம்மிடம் கேட்கப்படுவதோ ஒரு பிடி சோறும் ஓர் இன்சொல்லுமே. ஏமாந்து போவோமோ என்று அஞ்சி அவற்றையும் மறுப்போமாயின், நாம் எழுப்பிய கோபுரம் யாரை வரவேற்க நிற்கின்றது?

திருச்சிற்றம்பலம்.