செங்கல் பிடித்த கைகள்

(முன்னாள் மாணவர் சங்க மறுசந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"விளையாட்டைப் பத்திப் பேசுங்க சார், பசங்களுக்குப் பயன்படுற மாதிரி இருக்கணும்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். கிரிக்கெட்டைப் பற்றி உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். வேலை நிமித்தமாகப் பல வருடங்கள் சான் பிரான்சிஸ்கோ பக்கம் இருந்தவன் நான். அந்த ஊர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய ஒரு ஆட்டக்காரரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் ஜெர்ரி ரைஸ். ஆட்டம், அமெரிக்கன் ஃபுட்பால்.

இது நம் கால்பந்து அல்ல. பெயரில்தான் கால் இருக்கிறது, வேலை பெரும்பாலும் கைக்குத்தான். நூறு கெஜ நீள மைதானம், அணிக்குப் பதினொரு பேர், இரண்டு பக்கமும் கூரான பந்து. நான்கு முயற்சிக்குள் பத்து கெஜமாவது முன்னேற வேண்டும், இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். பந்தை எறிகிறவர் குவார்ட்டர்பேக். மைதானத்தின் ஓரத்தில் நின்று, பந்து ஆட்டத்துக்கு வந்ததும் ஓடி, துரத்துகிறவனை ஏமாற்றி, பறந்து வரும் பந்தைப் பிடிப்பவர் வைட் ரிசீவர். பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டால் அது டச்டவுன், ஆறு புள்ளி. நம்மாள் ரைஸ், வைட் ரிசீவர்.

1962-ல் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தவர். கிராஃபோர்டு என்ற சின்ன ஊரில் வளர்ந்தார். அப்பா கொத்தனார், வீட்டில் எட்டுப் பிள்ளைகள். கோடை விடுமுறையில் அப்பாவுக்குக் கையாளாகப் போக வேண்டும். இவர் சாரத்தின் மேல் நிற்பார். கீழிருந்து அண்ணன் தம்பிகள் செங்கல்லை வீசுவார்கள், இவர் பிடித்து அடுக்குவார். தவறவிட்டால் காலில் விழும்! பந்து பிடிக்கும் பயிற்சி அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

ஆட்டத்துக்கு வந்த கதையும் வேடிக்கையானது. ஒருநாள் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு நின்றவரைப் பள்ளி நிர்வாகி பின்னாலிருந்து கூப்பிட, பையன் எடுத்தான் ஓட்டம். அந்த ஓட்டத்தைப் பார்த்தவர் தண்டனையும் கொடுத்தார், ஃபுட்பால் பயிற்சியாளரிடமும் சொல்லிவைத்தார். (மாணவர்களே, இதை ஒரு வழியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் முதல்வர் என்னை முறைக்கிறார்!)

பள்ளி முடிந்ததும் பெரிய பல்கலைக்கழகங்கள் இவரைத் தேடி வரவில்லை. சேர்ந்த இடம் மிசிசிப்பி வேலி ஸ்டேட். இட்டா பீனா என்ற சிறிய ஊரில், கறுப்பின மாணவர்களுக்காக 1950-ல் தொடங்கப்பட்ட கல்லூரி. 'எந்தக் காலேஜ்?' என்று இன்டர்வியூவில் கேட்டு, பெயரைச் சொன்னதும் எதிரே இருப்பவர் முகம் மாறுவதை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்! அதே கதைதான் அங்கும்.

ஆனால் அந்தச் சின்னக் கல்லூரியில் இரண்டு நல்ல காரியங்கள் நடந்தன. ஒன்று, ஆர்ச்சி கூலி என்ற பயிற்சியாளர். எல்லாரும் பந்தைத் தூக்கிக்கொண்டு முட்டி மோதி ஓடும்போது, 'நாம எறிஞ்சு ஆடுவோம்' என்று துணிந்தவர். இரண்டாவது, பந்து எறிய வில்லி டாட்டன் என்ற சக மாணவர். டாட்டன் எறிய, ரைஸ் பிடிக்க, 1984 பருவத்தில் மட்டும் ரைஸுக்கு 27 டச்டவுன். ஒருநாள் இரவு ஹூஸ்டனில் ஓட்டல் அறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்த சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் பயிற்சியாளர் பில் வால்ஷ் கண்ணில் இந்தப் பையன் பட்டான்.

தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுப்பார்கள். ரைஸ் மீது ஒரு சந்தேகம் இருந்தது: வேகம் போதாது, சின்னக் கல்லூரிகளோடு ஆடியவன். 1985-ல் அவருக்கு முன்பே வேறு இரண்டு ரிசீவர்களை எடுத்துவிட்டார்கள். வால்ஷ் தன் அணிக்கிருந்த மற்றத் தேர்வு வாய்ப்புகளை விட்டுக்கொடுத்து, வரிசையில் முன்னே வந்து, பதினாறாவது ஆளாக இவரை எடுத்தார்.

உடனே வெற்றியா? இல்லை. முதல் வருடம் பந்தைத் தவறவிட்டுக்கொண்டே இருந்தார். சொந்த மைதானத்திலேயே ரசிகர்கள் கூச்சலிட்டார்கள். அப்புறம் அந்த டிசம்பரில், லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 241 கெஜம். கூச்சல் அடங்கியது.

இதற்கு நடுவில் அவர் என்ன செய்தார் என்பதுதான் நமக்கு வேண்டியது. பயிற்சியில் ஒரு பந்தைப் பிடித்தால் மற்றவர்கள் நாலு அடி ஓடிவிட்டு நிற்பார்கள். இவர் ஒவ்வொரு முறையும் எல்லைக்கோடு வரைக்கும் ஓடுவார், யாரும் துரத்தாதபோதும்! விடுமுறைக் காலத்தில் சான் கார்லோஸ் ஊரில் எட்ஜ்வுட் பூங்காவின் குன்றுப் பாதையில் இரண்டரை மைல் மேல்நோக்கி ஓடுவார். நானும் அந்தப் பாதையில் ஏறியிருக்கிறேன், நடந்துதான். பாதி வழியிலேயே உட்கார இடம் தேடினேன்.

பலன் என்ன? 1987-ல் வேலைநிறுத்தம் காரணமாக அவர் ஆடியது பன்னிரண்டு ஆட்டம், பிடித்த டச்டவுன் 22. அதை முறியடிக்க 2007-ல் ராண்டி மாஸுக்குப் பதினாறு ஆட்டம் தேவைப்பட்டது. 1989 ஜனவரியில் நடந்த சூப்பர் பௌல் இறுதி ஆட்டத்தில் 11 பந்து, 215 கெஜம், சிறந்த ஆட்டக்காரர் விருது. கடைசி மூன்று நிமிடத்தில் 92 கெஜம் முன்னேறி ஜெயித்த ஆட்டம் அது. வெற்றிப் பந்தைப் பிடித்தவர் ரைஸ் அல்ல, ஜான் டெய்லர். ஆனால் அந்த 92-ல் 51 கெஜம் ரைஸ் ஓடிப் பிடித்துக் கொடுத்தது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1997-ல் முதல் ஆட்டத்திலேயே இடது முழங்கால் தசைநார் அறுந்தது. அதே டிசம்பரில் திரும்பி வந்து டச்டவுன் பிடித்தார், அந்தப் பிடியிலேயே முழங்கால் சில்லு உடைந்தது. அடுத்த வருடம் மறுபடியும் வந்தார். நாற்பது வயதான 2002 பருவத்தில் ஓக்லண்ட் ரெய்டர்ஸுக்காக 92 பந்து பிடித்தார். ஆக இருபது பருவம், 1,549 பந்து, 22,895 கெஜம். அவருக்கு அடுத்த இடத்தில் இருக்கும் லாரி ஃபிட்ஸ்ஜெரால்டு 17,492. இடைவெளி ஐயாயிரம் கெஜத்துக்கு மேல்!

இதோடு முடித்தால் கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடலாம். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2010-ல் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டபோது ரைஸ் பேசினார். தோற்றுவிடுவோமோ என்ற பயம்தான் தன்னை இவ்வளவு காலம் ஓட்டியது என்றார். ஒரே ஒரு வருத்தம் உண்டு, அந்த வாழ்க்கையை நின்று அனுபவிக்கத் தனக்கு நேரமே கொடுத்துக்கொள்ளவில்லை என்றும் சொன்னார். மூன்று முறை சூப்பர் பௌல் ஜெயித்தவர் சொல்கிற வார்த்தை இது.

மாணவர்களே, உங்களில் பலரையும் அந்தப் பயம்தான் ஓட்டுகிறது. மார்க் குறைஞ்சா என்ன ஆகும், கேம்பஸ்ல எடுக்கலேன்னா அப்பா முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு ராத்திரி தூக்கம் வராம கிடக்கிறீங்க. அந்தப் பயம் உங்களைக் குன்று ஏற்றும், நான் மறுக்கவில்லை. ஆனால் ஏறிய பிறகும் அது இறங்கிப் போகாது. ரைஸுக்கே போகவில்லை. ஆகவே எல்லைக்கோடு வரைக்கும் ஓடும் பழக்கத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் நின்று ஒரு டீ குடிப்பதையும் பழகிக்கொள்ளுங்கள்.

என் வயது நண்பர்களுக்கும் ஒன்று. பந்து எறிந்த வில்லி டாட்டனுக்குத் தொழில்முறை ஆட்டம் பெரிதாக அமையவில்லை. அவர் படித்த கல்லூரிக்கே திரும்பி, 2002 முதல் 2009 வரை தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். அங்கே மைதானத்துக்கு ரைஸ்-டாட்டன் என்று இருவர் பெயரையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். நம் ஒவ்வொருவருக்கும் இந்த வளாகத்தில் பந்து எறிந்துகொடுத்த ஒரு ஆள் இருந்திருப்பார். பரீட்சைக்கு நோட்டுக் கொடுத்தவர், ஃபீஸுக்குக் கைமாத்துக் கொடுத்தவர். அவர் இன்று இந்த அரங்கில் இருந்தால் சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்காருங்கள். வரவில்லையென்றால் முகவரி தேடி ஒரு போன் போடுங்கள்.