‘கசின்’ ஒரு வார்த்தை போதுமா? குடும்ப மரமும் முறைக் கணக்கும்

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

உங்க போன்ல அப்பாவோட தங்கை நம்பரை என்ன பேர்ல சேமிச்சிருக்கீங்க? அநேகமா ‘அத்தை’ன்னு இருக்கும். ரெண்டு மூணு அத்தை இருந்தா ‘மதுரை அத்தை’, ‘தாம்பரம் அத்தை’. அவங்க முழுப் பேரை இனிஷியலோட சொல்லுங்கன்னு கேட்டா கொஞ்சம் யோசிப்போம். நம்ம வீட்டு மனுஷங்களை நாம பேரை வச்சு ஞாபகம் வச்சுக்கறதில்ல, முறையை வச்சுத்தான் வச்சுக்கறோம்.

இப்ப குடும்ப மரம் வரையுற ஒரு ஆப்பைத் திறங்க. அது முதல்ல கேக்கறது பேர், அப்புறம் குடும்பப் பெயர், அப்புறம் பிறந்த தேதி. நமக்கு நல்லாத் தெரிஞ்ச விஷயத்தை அது கேக்கவே இல்ல. அது கேக்கற மூணும் தாத்தா பாட்டி தலைமுறைக்கு நமக்குத் தெரியாது. ஏன் இப்படி, இதை எப்படிச் சமாளிக்கலாம் என்பதுதான் இன்னைக்கு எபிசோட்.

மென்பொருளுக்கு என்ன தெரியும்?

இந்த மென்பொருள்கள் தங்களுக்குள்ள தகவலைப் பரிமாறிக்கொள்ள ஒரு கோப்பு வடிவம் இருக்கு. பேரு ஜெட்காம். அமெரிக்காவுல மார்மன் திருச்சபை 1984ல் உருவாக்கினது. அவங்க சமயத்துல முன்னோர்களைத் தேடிப் பதிவு பண்றது ஒரு கடமை, அதனால அதுக்குக் கருவியும் அவங்களே செஞ்சாங்க. இன்னைக்கும் பெரும்பாலான குடும்ப மர மென்பொருள் இந்தக் கோப்பைப் படிக்கும், எழுதும்.

அதோட அடிப்படை ரொம்ப எளிமை. ஆளுக்கு ஒரு பதிவு, குடும்பத்துக்கு ஒரு பதிவு. குடும்பம்னா கணவன், மனைவி, பிள்ளைகள். அவ்வளவுதான். யார் யாருக்குப் பிறந்தார், யார் யாரைக் கட்டினார் – இது ரெண்டும் இருந்தா மத்த உறவையெல்லாம் கணக்குப் போட்டுக்கலாம்ங்கற யோசனை. அது தப்பில்ல. ஆனா கணக்குப் போடுற விதி எந்த மொழிக்காரங்களோடதுங்கறதுதான் கேள்வி.

ஆங்கில விதி என்ன பண்ணும்? பொதுவான முன்னோர் வரைக்கும் மேல எத்தனை படி, அங்கிருந்து கீழே எத்தனை படின்னு எண்ணும். ஒரு உதாரணம். உங்க அப்பாவோட அப்பாவுக்கு ஒரு தம்பி, அந்தத் தம்பிக்கு ஒரு மகன். அதே மாதிரி உங்க அப்பாவோட அம்மாவுக்கு ஒரு தம்பி, அவருக்கும் ஒரு மகன். இந்த ரெண்டு பேருக்கும் ஆங்கிலத்துல ஒரே பேர்: ‘ஃபர்ஸ்ட் கசின் ஒன்ஸ் ரிமூவ்டு’. அவங்க ரெண்டு பேரோட மகளும் உங்களுக்கு ‘செகண்ட் கசின்’.

நம்ம வீட்ல கேட்டுப் பாருங்க. முதல் ஆள் உங்களுக்குப் பெரியப்பா இல்லன்னா சித்தப்பா. அவர் மகள் உங்களுக்கு அக்கா, தங்கை. ரெண்டாவது ஆள் மாமா. அவர் மகள் முறைப்பெண். ஒருத்தர் பங்காளி, இன்னொருத்தர் மாமன் மச்சான் வகையறா. கல்யாணத்துல சீர் செய்றது, சாவு வீட்ல தீட்டு காக்கறது, சொத்துல பங்கு கேக்கறது – எல்லாமே இந்தக் கோட்டை வச்சுத்தான் நடந்துட்டு வந்திருக்கு. அந்தக் கோடு திரையில காணவே காணோம்.

ரெண்டு திருப்பம், ஒரு விதி

நம்ம முறையில இருக்கற விதி உண்மையில ஒரு புரோகிராம் மாதிரி. ஒரே பால் உடன்பிறப்பு வழியா நடந்தா பக்கம் மாறாது. அண்ணன் தம்பி பிள்ளைங்க எல்லாரும் அண்ணன் தம்பி. அக்கா தங்கை பிள்ளைங்களும் அப்படியே. அண்ணன்–தங்கை, அக்கா–தம்பி இப்படி ஆண்–பெண் உடன்பிறப்பைத் தாண்டி நடந்தா பக்கம் மாறும். அத்தை பிள்ளைங்க, மாமன் பிள்ளைங்க எல்லாம் முறைப் பக்கம். கல்யாணமும் பக்கத்தை மாத்தும். ரெண்டு தடவை மாறினா பழைய இடத்துக்கே வந்துடுவோம். அதனாலதான் மனைவியோட தங்கை புருஷன் – சகலை – உங்க பிள்ளைங்களுக்குச் சித்தப்பா ஆகிடறார். ரத்த சம்பந்தமே இல்ல, ஆனா கணக்கு சரியா வருது.

இது இன்னும் ஒரு தகவலைக் கேக்குது: வயசு. ‘பெரியப்பா’வா ‘சித்தப்பா’வான்னு முடிவு பண்றது உங்க வயசு இல்ல, அவருக்கும் உங்க அப்பாவுக்கும் நடுவுல யார் மூத்தவர்ங்கறது. 

இதை உலகத்துக்கு அட்டவணை போட்டுக் காட்டினவர் லூயிஸ் ஹென்றி மார்கன். நியூயார்க் மாநிலத்துல ராச்செஸ்டர் ஊர்ல வக்கீலா இருந்தவர். அங்க இருந்த செனிகா பழங்குடி மக்கள் பெரியப்பாவையும் சித்தப்பாவையும் ‘அப்பா’ன்னு கூப்பிடறதைக் கவனிச்சார். வேற எங்கயாவது இப்படி உண்டான்னு பல நாடுகளுக்குக் கேள்வித்தாள் அனுப்பினார். தென்னிந்தியாவுல இருந்த மிஷனரிகள் கிட்ட இருந்து தமிழ், தெலுங்கு, கன்னட உறவுச் சொற்கள் வந்தப்போ அசந்துட்டார். எல்லாத்தையும் சேர்த்து 1871ல் ஸ்மித்சோனியன் நிறுவனம் பெரிய புத்தகமா வெளியிட்டது. ரெண்டு முறையும் ஒண்ணா இருக்கறதால அமெரிக்கப் பழங்குடிகள் ஆசியாவுல இருந்து வந்தவங்கன்னு அவர் வாதாடினார். ரெண்டும் முதல் வட்டத்துலதான் ஒத்துப்போகும், தூரத்து உறவுல பிரியும்னு பின்னால வந்தவங்க காட்டினாங்க. இன்னைக்கும் மானுடவியல் பாடத்துல ‘திராவிட உறவுமுறை’ன்னு ஒரு தனி வகை இருக்கு. நாம ‘ஆன்ட்டி’, ‘அங்கிள்’னு சுருக்கிட்டு இருக்கறது அதைத்தான்.

மரம் வலையாகும்போது

அடுத்த சிக்கல். மரம்னா மேல போகப் போகக் கிளை விரியணும். அப்பா அம்மா ரெண்டு, தாத்தா பாட்டி நாலு, அவங்களுக்கு மேல எட்டு. சொந்தத்துல கல்யாணம் பண்ணின வீடுகள்ல அது விரியாது, மறுபடி சேரும்.

அக்கா மகளைக் கட்டின ஒருத்தரை எடுத்துக்கோங்க. அவர் குழந்தைக்கு அந்த அக்கா யாரு? அப்பாவோட அக்கா, அதனால அத்தை. அம்மாவோட அம்மா, அதனால அம்மாச்சி. ஒரே ஆள், ரெண்டு முறை, ரெண்டு தலைமுறை. குழந்தை அம்மாச்சின்னுதான் கூப்பிடும், நம்ம வீடுகளுக்கு இதுல குழப்பமே இல்ல. படம் போடுற மென்பொருள்தான் அந்த அம்மாவை ரெண்டு இடத்துல வரையும். அதைப் பார்த்துட்டு ரெண்டு பதிவு போட்டுடாதீங்க. பதிவு ஒண்ணுதான் இருக்கணும், படத்துல ரெண்டு தடவை வந்தா வரட்டும்.

இது வெறும் அழகுப் பிரச்சினை இல்ல. மரபணு ஆலோசனைக்குப் போனா அங்கயும் ஒரு குடும்பப் படம் வரைவாங்க. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், சொந்தத்துல கல்யாணம்னா நடுவுல இரட்டைக் கோடு. ‘சொந்தமா?’ன்னு கேட்டா நம்மள்ல பல பேர் ‘தூரத்துச் சொந்தம்’னு முடிச்சிடுவோம். மூணு தலைமுறையா மாத்தி மாத்திக் கட்டியிருந்தா அந்தத் தூரம் நாம நினைக்கறதை விட ரொம்பக் கிட்ட இருக்கும். எந்த வழியில சொந்தம்னு ஒரு தாள்ல இருந்தா டாக்டருக்கு அது பெரிய உதவி.

இப்ப என்ன செய்யலாம்?

நான் சொல்லப் போறது கிராம்ப்ஸை வச்சு. அது இலவசமான, திறந்த மூல மென்பொருள், உங்க கணினியிலயே இருக்கும். மத்ததுலயும் இதே யோசனை உதவும்.

ஒண்ணு, குடும்பப் பெயர் கட்டத்தைப் பார்த்துப் பயப்படாதீங்க. கிராம்ப்ஸ்ல அந்தப் பெயர் எந்த வகைன்னு சொல்ல இடம் இருக்கு. தந்தை பெயர்னு தேர்ந்தெடுத்து, இனிஷியலை விரிச்சு முழுசா எழுதுங்க. ‘ஆர்’னு மட்டும் போட்டா பேரப் பிள்ளைக்கு அது ராமசாமியா, ராஜேந்திரனா தெரியாது.

ரெண்டு, முறைச் சொல்லைச் செல்லப்பெயர் கட்டத்துல போடாதீங்க. உங்களுக்கு அத்தை, உங்க அம்மாவுக்கு நாத்தனார். சொல் ஒரு ஆளோடது இல்ல, ரெண்டு பேருக்கு நடுவுல இருக்கறது. ஒருத்தரை இன்னொருத்தரோட இணைக்கற ‘தொடர்பு’ பகுதி தனியா இருக்கு, அதுல எழுதுங்க. உங்க வீட்டுச் சொல்லையே எழுதுங்க. அப்பத்தாவை அப்பத்தான்னு, யாழ்ப்பாணத்து அப்பம்மாவை அப்பம்மான்னு. எல்லாரையும் ‘பாட்டி’யாக்க வேண்டாம்.

மூணு, பிறந்த தேதி தெரியலன்னா ‘1940க்கு முன்’, ‘1945 வாக்கில்’னு போட வசதி இருக்கு. அதுவும் தெரியலன்னா பிள்ளைகளை மூத்தவர் முதல் வரிசையா அடுக்குங்க. நம்ம முறைக்கு வரிசைதான் முக்கியம்.

நாலு, பெரியவங்க கிட்ட ‘அவங்க பேர் என்ன?’ன்னு ஆரம்பிக்காதீங்க. ‘அவங்களை நீங்க எப்படிக் கூப்பிடுவீங்க? எந்த வழியில?’ன்னு கேளுங்க. கதை தானா வரும். முக்கியமா, வாக்கப்பட்டு வந்த பெண்களோட பிறந்த வீட்டைக் கேளுங்க. பங்காளி வரிசையை யாராவது ஒருத்தர் மனப்பாடமா சொல்லிடுவார். பாட்டியோட அம்மா பேர், அவங்க ஊர், கூடப் பிறந்தவங்க – இதைக் கேக்க ஆளில்லாமதான் போகுது.

அஞ்சு, உயிரோட இருக்கறவங்க பதிவைத் தனிப்பட்டதுன்னு குறிச்சு வைங்க. ஒருத்தரோட இரண்டாம் கல்யாணம், தத்தெடுத்தது இதெல்லாம் அவங்களைக் கேக்காம இணையத்துல போகக் கூடாது.

கடைசியா ஒண்ணு. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புல தமிழ்நாட்டோட கருவுறுதல் விகிதம் 1.8. ஒத்தைப் பிள்ளையா இருக்கற ரெண்டு பேர் கட்டிக்கிட்டா, அவங்க குழந்தைக்குச் சொந்த அத்தை, மாமா, சித்தி, பெரியப்பா யாருமே கிடையாது. அந்தக் குழந்தைக்கு இந்தச் சொற்கள் கிடைக்கணும்னா அடுத்த வட்டத்துல இருந்துதான் கிடைக்கணும்: அப்பாவோட மாமன் மகன் அதுக்கு மாமா, அம்மாவோட பெரியப்பா மகள் அதுக்குப் பெரியம்மா. அந்த வழி தெரிஞ்சவங்க இப்ப எழுபது, எண்பது வயசுல இருக்காங்க. இந்த வாரமே ஒருத்தருக்கு போன் பண்ணி, பேச்சை அவங்க அனுமதியோட பதிவு பண்ணி வைங்க. மென்பொருள்ல ஏத்தறதை அடுத்த மாசம் பாத்துக்கலாம்.