கிண்ணமும் மூடியும்



மீந்துபோன உணவை மறுநாள்வரை கெடாமல் வைத்திருப்பது எப்படி என்பது எந்த நாட்டுக் குடும்பத்திற்கும் உள்ள கவலை. அமெரிக்காவில் அந்தக் கவலையை மூலதனமாகக்கொண்டு எழுந்த ஒரு வியாபாரம் கடல் கடந்து பல தேசங்களுக்கும் பரவியது. டப்பர்வேர் என்பது அதன் பெயர். அந்தப் பெயர் அதைப் படைத்த எர்ல் டப்பர் என்பவருடையது. அதை வளர்த்தவருடைய பெயர் வேறு. அதை வெகு காலம் யாரும் உச்சரிக்கவில்லை.

டப்பர் 1907-ம் ஆண்டில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஓர் ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்தார். சிறு வயதிலேயே பண்ணையின் விளைபொருள்களை வீடு வீடாகக் கொண்டு சென்று விற்றவர். முப்பது வயதிற்குள் பத்து லட்சம் டாலர் சேர்த்துவிடவேண்டும் என்று உறுதி பூண்டிருந்தார். ஆனால் அந்த வயதை எட்டுமுன்பே, 1936-ல், மரங்களைப் பராமரிக்கும் அவருடைய தொழில் திவாலாகிவிட்டது. பிறகு டியூபாண்ட் என்னும் இரசாயனக் கம்பெனியின் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் ஓராண்டுக் காலம் வேலை செய்தார். கல்லூரிப் படிப்பு இல்லாத அவருக்கு அதுவே கல்லூரி. 1938-ல் சொந்தமாக ஒரு சிறு கம்பெனியைத் தொடங்கினார்.

இங்கே பாலிஎத்திலீன் என்ற பொருளைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். 1933-ல் இங்கிலாந்தில் இரண்டு இரசாயன அறிஞர்கள் எத்திலீன் வாயுவை மிகுந்த அழுத்தத்திற்கு உட்படுத்தி வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தபோது, பாத்திரத்தின் அடியில் மெழுகு போன்ற வெண்ணிறப் பொருள் படிந்திருந்ததைக் கண்டார்கள். யுத்த காலத்தில் ராடார் கருவிகளின் கம்பிகளுக்கு உறையாக அது பயன்பட்டது. அக்காலத்துப் பிளாஸ்டிக் சாமான்கள் பெரும்பாலும் விறைப்பானவை; தவறி விழுந்தால் உடைந்து போகும். சிலவற்றில் நாற்றமும் உண்டு. பாலிஎத்திலீனோ குளிரிலும் வளைந்து கொடுக்கும், விழுந்தாலும் உடையாது. டப்பருக்குக் கிடைத்தது அதன் கழிவு, கறுத்துக் கெட்டிப்பட்டு நாறிய ஒரு பொருள். அதைத் தூய்மைப்படுத்தி, வார்க்கும் முறையைத் தாமே வகுத்து, பால்போன்ற ஒளியுடைய மெல்லிய கிண்ணங்களாக மாற்றினார். 1946-ல் அவை கடைகளுக்கு வந்தன.

கிண்ணத்தைவிட மூடிதான் அவருடைய சாதனை. வர்ணம் அடைத்த தகரக் குவளையின் மூடி எவ்வாறு விளிம்பை இறுகப் பற்றுகிறது என்பதைக் கவனித்து, அந்த அமைப்பைத் தலைகீழாக்கி இந்த மூடியைச் செய்தார். மூடியை விளிம்பில் பொருத்தி, நடுவில் கட்டைவிரலால் அழுத்தி, ஓர் ஓரத்தைச் சற்றே தூக்கினால் உள்ளேயிருக்கும் காற்றில் ஒரு பகுதி வெளியேறும். விரலை எடுத்தவுடன் உள்ளே காற்றழுத்தம் குறைந்துவிடுகிறது. வெளிக்காற்று மூடியை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. பால் குடித்த குழந்தை ஏப்பம் விடுவதுபோல் ஒரு சப்தம் கேட்கும். அதற்கு அவர்கள் வைத்த பெயரும் ஏப்பம் என்பதே. இந்த மூடிக்கு 1949-ல் காப்புரிமை கிடைத்தது.

அழகான பொருள், அமெரிக்க வீடுகளில் குளிர்ப்பெட்டிகள் பெருகிவந்த நல்ல சமயம், நியாயமான விலை. இருந்தும் கடைகளில் சரக்கு தேங்கிக் கிடந்தது. காரணம் எளிது. மூடியை எப்படி அழுத்துவது என்று வாங்குகிறவர்களுக்குத் தெரியவில்லை. கடைக்காரனுக்கோ சொல்லிக்காட்டப் பொழுதில்லை. சிலர் மூடி பொருந்தவில்லை என்று திருப்பிக் கொடுத்ததும் உண்டு. நல்ல பொருளைச் செய்துவிட்டால் அது தானே விலைபோகும் என்று நம்புகிற பொறியியல் மாணவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அந்தச் சமயத்தில்தான் பிரௌனி வைஸ் என்ற பெண்மணி வருகிறார். 1913-ல் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்தவர்; மணவிலக்குப் பெற்று, ஒரே மகனைத் தனியாக வளர்த்து வந்தவர். டெட்ராயிட் நகரில் காரியதரிசியாக வேலை பார்த்துக்கொண்டே, துடைப்பம், தூரிகை முதலிய வீட்டுச் சாமான்களை ஸ்டான்லி என்ற கம்பெனிக்காக விற்றார். அந்தக் கம்பெனி, ஒரு வீட்டில் அண்டை அயல் பெண்களைக் கூட்டி, பொருளை விளக்கிக்காட்டி விற்கும் முறையைக் கையாண்டது. நிர்வாகத்தில் பெண்களுக்கு இடமில்லை என்று அங்கே அவரிடம் சொல்லப்பட்டது. வைஸ் டப்பர் கிண்ணங்களைக் கையில் எடுத்தார். கிண்ணத்தில் திராட்சைச் சாற்றை நிரப்பி, மூடியை அழுத்தி, கூடத்தின் குறுக்கே வீசி எறிவார். ஒரு சொட்டும் சிந்தாது. கடைக்காரனால் செய்ய இயலாததை அந்த ஒரு வீச்சுச் செய்தது!

பின்னர் அவர் ஃபுளோரிடாவில் குடியேறி வியாபாரத்தைப் பெருக்கினார். சரக்கு நேரத்தில் வந்து சேராததைக் கண்டு 1951-ல் டப்பரைத் தொலைபேசியில் அழைத்துக் கண்டித்தார். கோபித்த பெண்மணியையே டப்பர் உபதலைவராக நியமித்தார். அவ்வாண்டிலேயே சரக்குகள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. இனி வீட்டு விருந்துகளில் மட்டுமே விற்பனை என்று முடிவாயிற்று.

விருந்தை நடத்தும் இல்லத்தரசிக்கு ஒரு பரிசு. விற்கும் பெண்ணுக்குத் தரகு. வந்திருப்பவர்களில் ஆர்வமுள்ள ஒருத்தி அடுத்த விற்பனையாளர். இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. சிநேகிதி வீட்டில் சிற்றுண்டி அருந்திவிட்டு ஒன்றும் வாங்காமல் எழுந்து வருவது எளிதன்று; நட்பையே சரக்காக்கும் வழி இது என்று குறை கூறுவோர் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. ஆயினும் அந்தக் காலத்தை எண்ணிப் பார்க்கவேண்டும். யுத்தத்தின்போது தொழிற்சாலைகளில் வேலை செய்த பெண்கள் பலர் யுத்தம் முடிந்ததும் வீட்டிற்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். பட்டமும் முன்அனுபவமும் கேட்காமல், குழந்தைகளைக் கவனித்துக்கொண்டே சொந்தமாகப் பணம் ஈட்ட அவர்களுக்கு இருந்த வழிகள் மிகச் சில. வைஸ் அவர்களுடைய பெயர்களைச் சபையில் உரக்கச் சொல்லிப் பாராட்டினார். ஆண்டுதோறும் விழா எடுத்து, பரிசுப் பொருள்களை மண்ணில் புதைத்துவைத்து, மண்வெட்டியால் தோண்டி எடுக்கச் செய்தார். 1954-ல் பிசினஸ் வீக் பத்திரிகையின் முகப்பில் அவருடைய படம் வெளியாயிற்று. அந்த முகப்பில் இடம் பெற்ற முதற் பெண் அவர்தாம்.

புகழ் அவர் பக்கம் சாய்ந்ததை டப்பர் விரும்பவில்லை. செலவைப் பற்றியும் அதிகாரத்தைப் பற்றியும் பூசல் முற்றியது. 1958 ஜனவரியில் வைஸ் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். கம்பெனியில் அவருக்கு ஒரு பங்குகூட இல்லை. கிடைத்தது ஏறத்தாழ ஓராண்டுச் சம்பளமே. அதே ஆண்டில் டப்பர் தம் ஸ்தாபனத்தை ரெக்ஸால் கம்பெனிக்கு 1 கோடியே 60 லட்சம் டாலருக்கு விற்றார். பிறகு அமெரிக்கக் குடியுரிமையைத் துறந்து, கோஸ்டாரிகாவில் குடியேறி, 1983-ல் காலமானார். வைஸ் 1992-ல் மறைந்தார். கம்பெனி வெளியிட்ட வரலாறுகளில் அவருடைய பெயர் பல ஆண்டுகள் இடம் பெறவில்லை.

அவர் வகுத்த முறையோ நிற்கவில்லை. 1960-ல் இங்கிலாந்துக்கும், 1996-ல் நம் இந்தியாவுக்கும் அது வந்தது. நம் நகரங்களில் எத்தனையோ இல்லத்தரசிகள் அண்டை வீட்டாரை அழைத்து அந்த மூடியை அழுத்திக் காட்டினார்கள். பிள்ளைகள் அந்தப் பெட்டியில் பகலுணவு கொண்டு போனார்கள். காலப்போக்கில் மற்றவர்களும் இறுகப் பொருந்தும் பெட்டிகளை மலிவாகச் செய்யத் தொடங்கினார்கள். பெண்கள் பலர் அலுவலகங்களுக்குச் செல்லலாயினர்; பகல் விருந்துக்குக் கூடுவதற்கு வீட்டில் ஆளில்லை. எந்தச் சமூக நிலைமை அந்த வியாபாரத்தை வளர்த்ததோ, அது மாறியபோது வியாபாரமும் தளர்ந்தது. மீண்டும் கடைகளில் விற்றுப் பார்த்தும் கடன் சுமை குறையவில்லை. 2024 செப்டம்பரில் கம்பெனி அமெரிக்க நீதிமன்றத்தில் திவால் மனுச் செய்தது. அவ்வாண்டின் இறுதியில் கடன் கொடுத்தவர்களே அதன் பெயரையும் தொழிலையும் எடுத்துக்கொண்டார்கள்.

டப்பரின் கடிதங்களும் குறிப்பேடுகளும் வாஷிங்டனில் உள்ள அமெரிக்க வரலாற்றுத் தேசியப் பொருட்காட்சி சாலையில் இருக்கின்றன. பிரௌனி வைஸின் காகிதங்களும் அதே கட்டிடத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. இருவரையும் சேர்த்துப் படிக்க விரும்புகிறவர்கள் அங்கே படிக்கலாம்.