பிள்ளைகளும் திருவையாறும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பல்கலைக்கழகத்தில் இன்னும் பாடம் கேட்டுக்கொண்டிருக்கும் மாணவன் நான். சங்கீத ஞானம் உள்ளவன் என்று சொல்லிக்கொள்ளவும் இயலாது. ஆயினும் இரண்டு ஆண்டுகளுக்கு முன், தை மாதத்தில், என் அக்காவின் பிள்ளைகள் இருவரைத் திருவையாற்றுத் தியாகராஜர் ஆராதனைக்கு அழைத்துச் சென்றேன். அன்று கண்டதையும் கற்றதையும் உங்கள் முன் வைக்கலாம் என்றே எழுந்து நிற்கிறேன்.

நாங்கள் சங்கீதத்தை நாடிப் புறப்பட்டவர்கள் அல்லர். 1964 இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின், என் அப்பாயியின் தங்கை குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பலேறி இந்தியா சென்றார். திருச்சிப் பக்கத்தில் வாழும் அவர்களைப் பார்ப்பதும், கோயில்களைத் தரிசிப்பதுமே எமது பயண நோக்கம். அங்கே சென்ற பின்னர்தான் ஆராதனை நாள் அடுத்து வருகிறது என்று அறிந்தேன். போகலாமா என்று கேட்டபோது, எம்மோடு வந்த பெரியவர் ஒருவர், “அது பெரிய இடத்துச் சங்கீதம், தம்பி. நமக்கு எதுக்கு? அதிலும் பிள்ளைகளுக்கு என்ன விளங்கும்?” என்றார்.

அன்பர்களே, அந்த இரு கேள்விகளுக்கும் விடை காண்பதே இன்றைய என் பேச்சு.

முதலில், “நமக்கு எதுக்கு” என்பதை எடுத்துக்கொள்வோம். தியாகராஜ சுவாமிகள் 1767 இல் திருவாரூரில் பிறந்து, 1847 இல் திருவையாற்றில் சித்தியடைந்தவர். அந்த 1840களில்தான் திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்குத் திரள் திரளாக வந்தனர். வழியில் மாண்டவர் எத்தனையோ பேர். அவர் பாடி முடித்த காலமும் நம்மவர் நடக்கத் தொடங்கிய காலமும் ஒன்றே. அவர் வாழ்ந்த மண்ணும் நம்மவர் விட்டு வந்த மண்ணும் அடுத்தடுத்து உள்ளவை.

பெரிய இடத்துச் சங்கீதம் என்கிறோம். ஆனால் அந்த மகான் தம்புராவும் கையுமாகத் தெருவில் பாடிச் சென்று, இல்லத்தார் இட்ட அரிசியைக் கொண்டு வாழ்ந்தவர். உஞ்சவிருத்தி என்பது அதன் பெயர். அரசவை அழைத்தும் அவர் போகவில்லை என்றே சொல்வர். தெருவில் பிறந்த பாட்டைத் தோட்டத்துப் பிள்ளை கேட்கக் கூடாது என்று எந்தச் சாஸ்திரம் சொல்கிறது?

காலையில் நாங்கள் காவிரிக் கரைப் பந்தலை அடைந்தபோது நாதஸ்வரம் ஒலித்துக்கொண்டிருந்தது. பத்து வயதான மருமகள் என் கையைப் பிடித்திழுத்து, “மாமா, இது நம்ம தோட்டத்து மாரியம்மன் திருவிழா மேளமில்ல?” என்றாள். நமக்கு எதுக்கு என்ற கேள்விக்கு அதைவிடச் சிறந்த விடையை நான் இன்றுவரை கேட்டதில்லை.

அடுத்தது, “பிள்ளைகளுக்கு என்ன விளங்கும்” என்பது. நான் மிஷன் பாடசாலையில் படித்தவன். ஸரிகம அறியுமுன் டோரேமி அறிந்தவன். அங்கே சின்னஞ் சிறுவர்களையும் பெரியவர்களோடு நிறுத்திப் பாடச் சொல்வார்கள். விளங்குமா என்று ஒருவரும் கேட்டதில்லை. நின்று நின்றே விளங்கிற்று. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கருநாடக இராகங்களில் அமைத்த கீர்த்தனைகளைக் கிறிஸ்தவ ஆலயங்களில் இன்றும் பாடுகிறார்கள். அவர்கள் பிள்ளைகளை ஒதுக்காமல் வளர்த்த செல்வத்தை நாம் ஏன் நம் பிள்ளைகளுக்கு மறுக்க வேண்டும்?

நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்னும் ஐந்து இராகங்களில் அமைந்த பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை, சமாதிக்கு முன் வித்துவான்கள் வரிசையாக அமர்ந்து ஒரே குரலாகப் பாடினார்கள். ஐந்தும் ஆதி தாளம். ஒரு தட்டு, சுண்டு விரல் தொடங்கி மூன்று விரல்கள், பின்பு தட்டும் வீச்சும் இருமுறை, ஆக எட்டு. பஸ்ஸில் வரும்போதே அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். பாஷை தெலுங்காயினும் கை தாளத்தை விடவில்லை.

உண்மையை மறைப்பானேன்? ஏழு வயதுப் பையன் மூன்றாவது கீர்த்தனையிலேயே உறங்கிவிட்டான். எனக்கு வெட்கமாகப் போயிற்று. அவனை எழுப்ப முயன்றேன். பக்கத்திலிருந்த முன்பின் அறியாத மூதாட்டி அவன் தலையைத் தம் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, “தூங்கட்டும், காதுல விழுமில்ல” என்றார்.

அங்கே பெங்களூர் நாகரத்தினம்மாளின் நினைவிடமும் உண்டு. 1878 இல் தேவதாசிக் குலத்தில் பிறந்தவர் அவர். சமாதி கவனிப்பாரற்றுக் கிடப்பதைக் கேட்டு, தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு 1920களில் அங்கே கோயில் எழுப்பினார். அந்நாளில் ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லை. அவரோ பெண்களைத் திரட்டிப் பாட வைத்தார். பிற்காலத்தில் ஆணும் பெண்ணும் ஒரே பந்தலில் பாடும் வழக்கம் வந்தது. 1952 இல் மறைந்த அவரது உருவம் சமாதியை நோக்கி அமர்ந்திருக்கிறது. இக்கதையைச் சொன்னபோது மருமகள், “வெளிய நிக்கச் சொன்னவங்களா மாமா இந்தக் கோயிலைக் கட்டினாங்க?” என்று கேட்டாள். பெரியோர்களே, குடியுரிமையின்றி நெடுங்காலம் வெளியே நிறுத்தப்பட்ட சமூகம் நம்முடையது. நம் பிள்ளை ஒன்று அக்கேள்வியைக் கேட்டபோது என் கண் கலங்கியதில் வியப்பில்லை.

மாலையில் ஐயாறப்பர் கோயிலுக்குச் சென்றோம். கயிலைக்குப் புறப்பட்ட அப்பர் பெருமான் அக்காட்சியைத் திருவையாற்றிலேயே கண்டார் என்று பெரியபுராணம் கூறும். தேடிப் போன மலையை ஆற்றங்கரையில் கண்ட அடியாரின் கதையை மலையில் பிறந்த பிள்ளைகளுக்கு அங்கே வைத்துச் சொல்வதே ஓர் இன்பம்.

பிள்ளைகளோடு செல்ல விரும்புவோருக்குச் சில வார்த்தைகள். முதல் நாளே தாளமும் கதையும் சொல்லி வையுங்கள். பந்தலின் ஓரத்தில் அமருங்கள். எழுந்து போக வசதியாயிருக்கும். வயிறு நிரம்பிய பின் கூட்டிச் செல்லுங்கள். ஒரு மணி நேரம் போதும். உறங்கினால் உறங்கட்டும்.

ஊர் திரும்பிச் சில நாட்களின் பின், லயத்து வாசலில் அந்தப் பையன் தனியே உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். எட்டும் சரியாக வந்தன. உறங்கியவன் அவன்!

ஆகவே நான் வேண்டுவது இரண்டு. ஊவாவிலிருந்து தமிழகம் செல்லும் நம் யாத்திரைக் குழுக்கள், இயன்ற ஆண்டுகளில், மார்கழிக் கடைசியிலோ தையிலோ வரும் புஷ்ய பகுள பஞ்சமியை ஒட்டிப் புறப்படட்டும். பிள்ளைகளையும் கூட்டிச் செல்லட்டும். செலவு தாங்காதவர் நம்மிடையே பலர் என்பதை நான் அறிவேன். அவர்களுக்காக, அதே நாளில் இந்த மண்டபத்தில் ஒரு மணி நேரம் விளக்கேற்றிப் பாடுவோம். பதுளை நகரத்துப் பிள்ளையும் பசறை, ஹாலிஎல, நமுனுகுலைத் தோட்டத்துப் பிள்ளையும் ஒரே பாயில் அமர்ந்து தாளம் போடட்டும். இது நமக்கு எதுக்கு என்று இனி எந்தப் பிள்ளையின் காதிலும் விழாதிருக்கட்டும்.