இருட்டுக்கும் ஒரு விலை உண்டு

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற இளையோர் வாசகர் அரங்கில் பங்குத்தந்தை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூல்களைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி விழாக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். "நல்ல நூல்களைப் படியுங்கள், தீய நூல்களைத் தள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு ஐந்தே நிமிடத்தில் அமர்ந்துவிடலாம். அப்படிப் பல மேடைகளில் செய்தவன்தான் நான். இன்று அதற்கு மனம் இடம் தரவில்லை. பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்ட கேள்வியே அதற்குக் காரணம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு தாயார் தம் மகளைப் பங்கு இல்லத்திற்கு அழைத்து வந்தார். கையில் நான்கு தடித்த ஆங்கில நாவல்கள். "சாமி, ராத்திரியெல்லாம் பேய்க் கதை படிக்கிறா. நீங்களாவது சொல்லுங்க" என்றார். நானும் குருமடத்தில் பழகிய குரலை வரவழைத்துக்கொண்டு புத்திமதியைத் தொடங்கினேன். அந்தப் பெண் அமைதியாகக் கேட்டாள். பிறகு, "ஃபாதர், நீங்க இதைப் படிச்சிருக்கீங்களா?" என்றாள்.

நான் படித்ததில்லை. விசாரணையே இல்லாமல் தீர்ப்பு எழுதிய நீதிபதியைப் போல் விழித்தேன். "வைத்துவிட்டுப் போ அம்மா, படித்துவிட்டுப் பேசுகிறேன்" என்றேன். போகும்போது வாசலில் நின்று அவள் ஒன்று சொன்னாள்: "கடைசி புக்கைப் படிச்சதும் எனக்கு ஏமாந்த மாதிரி இருந்துச்சு, ஃபாதர். ஏன்னு சொல்லத் தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க."

இந்த உரை அந்தப் பெண்ணுக்கு நான் தர வேண்டியிருந்த பதில்.

அந்த நான்கு நூல்களும் அமெரிக்க எழுத்தாளர் ஸ்டெஃபனி மேயர் எழுதிய 'ட்வைலைட்' வரிசை. முதல் நூல் 2005இல் வந்தது. அடுத்து 'நியூ மூன்' 2006இலும், 'எக்லிப்ஸ்' 2007இலும், 'பிரேக்கிங் டான்' 2008இலும் வெளிவந்தன. உலகெங்கும் பத்துக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றவை. வாஷிங்டன் மாநிலத்தில் ஓயாமல் மழை பெய்யும் ஃபோர்க்ஸ் என்னும் சிற்றூர். அங்கே தந்தையோடு வாழ வருகிறாள் 17 வயது பெல்லா. வகுப்பில் அவள் அருகே அமர்பவன் எட்வர்டு. தோற்றத்தில் அவனுக்கும் 17தான். ஆனால் அவன் பிறந்தது 1901இல்! 1918ஆம் ஆண்டின் கொள்ளைக் காய்ச்சலில் சாகக் கிடந்தபோது இரத்தக் காட்டேரியாக மாற்றப்பட்டவன். அவனும் அவன் குடும்பத்தாரும் மனித இரத்தத்தைத் தொடுவதில்லை. விலங்குகளின் இரத்தத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இந்த வரிசை பெற்ற வெற்றியைத் தொடர்ந்து இருள் சூழ்ந்த காதல் கதைகள் கடைகளை நிரப்பின. 2009இல் மட்டும் வானுலகிலிருந்து விழுந்த தூதர்களைக் காதலர்களாக்கிய இரு நாவல்கள் வந்தன. ஒன்று 'ஹஷ் ஹஷ்', மற்றொன்று 'ஃபாலன்'.

பெற்றோரே, இப்போது நீங்கள் என்னிடம் எதிர்பார்ப்பது ஒன்றுதான். இவை பேய்க் கதைகள், ஆகவே தீயவை என்று நான் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல எனக்கு நியாயம் இல்லை. இருட்டைப் பற்றி எழுதுவது குற்றம் என்றால் உலக இலக்கியத்தில் பாதியை எரிக்க வேண்டும்.

ஒரு வரலாற்றைக் கேளுங்கள். 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. அதிலிருந்து வெளிப்பட்ட கந்தக வாயு வானில் பரவியதால் அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடைக்காலமே இல்லாமல் போயிற்று. ஜெனீவா ஏரிக்கரையில் தங்கியிருந்த சில ஆங்கிலேயர்கள், ஓயாத மழையில் வெளியே போக முடியாமல், ஆளுக்கொரு பேய்க் கதை எழுதுவதென்று பந்தயம் கட்டினார்கள். அவர்களுள் ஒருவர் கவிஞர் பைரனின் மருத்துவர் போலிடோரி. அந்தப் பந்தயத்திலிருந்து முளைத்த அவருடைய கதை 1819இல் வெளிவந்து, ஆங்கிலத்தில் இரத்தக் காட்டேரிக் கதைகளுக்கு வழி திறந்தது. இன்னொருவர் யார் தெரியுமா? மேரி என்னும் 18 வயதுப் பெண்! அதற்கு முந்தைய ஆண்டுதான் குறைமாதத்தில் பிறந்த தன் முதல் குழந்தையைப் பறிகொடுத்திருந்தாள். அவள் அன்று தொடங்கியதுதான் 1818இல் வெளிவந்த 'ஃபிராங்கன்ஸ்டைன்'.

அந்த நாவலில் ஒரு மாணவன் உயிரற்ற உடலுக்கு உயிரூட்டுகிறான். ஊட்டிய மறுகணமே அருவருத்து ஓடிவிடுகிறான். கைவிடப்பட்ட அந்தப் படைப்பு பழிவாங்குகிறது. அவன் தம்பி சாகிறான், நண்பன் சாகிறான், மணநாள் இரவில் மனைவியும் சாகிறாள். செய்த செயலுக்கும் அதன் விளைவுக்கும் இடையே கதை ஒளித்து வைத்த கதவு ஒன்றுமில்லை. பதின்பருவத்தைக் கடந்திராத ஒரு பெண் எழுதத் தொடங்கிய இருட்டு அது. ஆகவே, "பிள்ளைகளுக்கு இவ்வளவு போதும்" என்று இளையோரைக் குறைத்து மதிப்பிட யாருக்கும் உரிமை இல்லை, எழுத்தாளர்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

சரி, அந்த நான்கு நூல்களைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட ஏமாற்றம் என்ன? இரண்டைச் சொல்கிறேன்.

முதலாவது, அன்பைப் பற்றியது. பெல்லாவுக்குத் தெரியாமல் எட்வர்டு இரவில் அவள் அறைக்குள் நுழைந்து அவள் உறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். ஒருநாள் அல்ல, பல இரவுகள். இதை அறிந்ததும் அவள் நெகிழ்ந்துபோகிறாள்! இரண்டாம் நூலில், அவள் நன்மைக்கென்று தானே முடிவு செய்து அவளை விட்டுப் போய்விடுகிறான். அவள் துயரைக் காட்ட ஆசிரியை ஓர் உத்தி செய்கிறார். அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று மாதங்களின் பெயர் மட்டும் தாங்கிய வெற்றுப் பக்கங்கள். ஒருவன் போனால் நான்கு மாத வாழ்வே வெற்றுத்தாள். அவன் குரல் காதில் ஒலிக்கிறது என்பதற்காக அவள் உயிரைப் பணயம் வைத்துச் செங்குத்துப் பாறையிலிருந்து கடலில் குதிக்கிறாள். மூன்றாம் நூலில், நண்பனைப் பார்க்கப் போகக்கூடாது என்று அவள் வண்டியின் எஞ்சினிலிருந்து ஒரு பாகத்தைக் கழற்றிவிடுகிறான். பிறகு தன் பிடிவாதத்தை அவன் தளர்த்திக்கொள்கிறான் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். 'ஹஷ் ஹஷ்' இன்னும் ஒரு படி மேலே. அதில் கதாநாயகியின் மனம் கவர்ந்தவன், தொடக்கத்தில் அவளைக் கொல்லத் திட்டமிட்டு வந்தவன்!

இளம்பெண்களே, உங்களைக் கேட்கிறேன். இவற்றைச் செய்தவன் அழகான காட்டேரியாக இல்லாமல் உங்கள் தெருவில் வாழும் ஒருவனாக இருந்தால், உங்கள் தாயார் என்ன செய்வார்? வேவு பார்ப்பதும் வழிமறிப்பதும் அன்பு ஆகா. கதையில் அவன் நூறு வயது கடந்தவன், பேரழகன், அவளைக் காக்கவே வந்தவன் என்று அடுக்கி வைப்பதால், செயல் மறைந்து முகம் மட்டும் தெரிகிறது.

இதற்கு மாற்றாக, அயர்லாந்துக்காரர் பிராம் ஸ்டோக்கர் 1897இல் வெளியிட்ட 'டிராகுலா'வை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மீனா என்னும் பெண் சுருக்கெழுத்து அறிந்தவள், தட்டச்சு செய்பவள். எல்லாருடைய நாட்குறிப்புகளையும் ஒழுங்குபடுத்திப் பகைவனின் நடமாட்டத்தை விளக்கிக் காட்டுபவள் அவளே. பிறகு ஆண்கள் கூடி, "பெண்ணுக்கு இதெல்லாம் வேண்டாம்" என்று நல்லெண்ணத்தோடு அவளிடமிருந்து செய்திகளை மறைக்கிறார்கள். சரியாக அந்த நாட்களில்தான் டிராகுலா அவளிடம் வருகிறான். அவளுடைய சோர்வையும் முகத்தின் வெளிறலையும் கண்டும் அந்த ஆண்கள் அதன் காரணத்தை உணரவில்லை. பாதுகாப்பு என்ற பெயரால் ஒருத்தியை இருட்டில் வைத்தால் இருட்டு அவளைத்தான் முதலில் தீண்டும் என்பதை, நூறாண்டுகளுக்கு முந்தைய அந்த நாவல் அறிந்திருந்தது. பெற்றோரே, இது நமக்கும் பாடம்.

இரண்டாவது ஏமாற்றம் அந்த மாணவியைத் தைத்தது. அது விலையைப் பற்றியது.

முதல் மூன்று நூல்களிலும் ஓர் எச்சரிக்கை ஒலித்துக்கொண்டே இருக்கிறது. பெல்லாவும் காட்டேரியாக மாறினால் பெற்றோரைப் பிரிய வேண்டும். மாறிய புதிதில் இரத்த வெறி அறிவை மறைக்கும். குழந்தைப் பேறு கிடையாது. இத்தனையும் இழக்கத் தயாரா என்று எட்வர்டு அவளைக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். வாசகரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

நான்காம் நூலில் நடப்பது என்ன? பிள்ளைப்பேற்றிலும் உருமாற்றத்திலும் அவள் படும் உடல் வேதனை கொடியதுதான், மறுக்கவில்லை. ஆனால் விழித்தெழுந்த பிறகு? தந்தை வீட்டுக்கு வந்து போகிறார். இரத்த வெறியை முதல் நாளே அடக்கிவிடுகிறாள். மகளும் பிறந்துவிட்டாள். அவளை விரும்பி மனமுடைந்த ஜேக்கப்பின் துயரைத் தீர்க்க, பிறந்த குழந்தையோடே அவனுக்கு வாழ்நாள் பந்தம் ஏற்படுத்தப்படுகிறது! இறுதியில் பகைவர் பெரும் படையோடு வருகிறார்கள். எதிர்த்தரப்பும் அணிவகுக்கிறது. ஒரே ஒருத்தியின் சாவோடு, பேச்சுவார்த்தையில் எல்லாம் முடிந்து கலைந்து போகிறார்கள். 2012இல் வந்த திரைப்படத்தில், இந்த இடத்தில் ஒரு பெரும் போரைக் காட்டிவிட்டு, அது வருங்காலக் காட்சி மட்டுமே என்று முடித்தார்கள். வெறுமையாகக் கிடந்த இடத்தை எதையாவது கொண்டு நிரப்ப வேண்டியிருந்தது போலும்.

அந்தப் பெண்ணுக்குச் சொல்லத் தெரியாதது இதுதான். மூன்று நூல்களாகக் கடன் சீட்டு எழுதிவிட்டு, நான்காவதில் அதைக் கிழித்துப் போட்டுவிட்டார்கள். விலை சொல்லி, விலை வாங்காமல் பொருளைக் கொடுத்தால் வாங்கியவருக்கு மகிழ்ச்சி வர வேண்டுமே! கதையில் அப்படி இல்லை. ஒன்றும் இழக்கப்படாத இடத்தில் எதுவும் பெறப்பட்டதாக நெஞ்சம் நம்புவதில்லை. 'ஃபாலன்' கதையிலும் நாயகி செத்துச் செத்து 17 ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் பிறக்கிறாள். சாவே திரும்பி வரும் பயணமானால் அழுவதற்கு என்ன இருக்கிறது?

'டிராகுலா'விலோ விலை இருக்கிறது. நற்கருணை அப்பம் பட்டு மீனாவின் நெற்றியில் தழும்பு விழுகிறது. தான் பேயாக மாறிவிட்டால் தன்னைக் கொன்றுவிடும்படி நண்பர்களிடம் வாக்குப் பெற்று, உயிரோடு இருக்கும்போதே தனக்காக அடக்கச் சடங்கின் செபத்தைப் படிக்கச் சொல்கிறாள். படிப்பவர் அவள் கணவர்! முடிவில் தழும்பு மறைகிறது. ஆனால் குவின்சி என்னும் நல்ல நண்பர் உயிரிழக்கிறார். அந்த விடியலை நாம் நம்புகிறோம், அதற்காக ஒருவர் உயிரையே கொடுத்ததால்.

குருவாகிய எனக்கு இன்னொன்றும் உறுத்தியது. 'ட்வைலைட்' அட்டையில் இரு கைகள் ஒரு சிவந்த ஆப்பிளை ஏந்தியிருக்கும். உள்ளே முகப்பு வாசகமாகத் தொடக்க நூலின் இரண்டாம் அதிகாரத்து வசனம் ஒன்று உள்ளது. விலக்கப்பட்ட கனியை உண்டால் சாவு என்று ஆண்டவர் எச்சரிக்கும் இடம் அது. மிக உயர்ந்த வாசல்! அந்த வாசல் வழியே நுழைந்து நான்கு நூல்களையும் கடந்தால், கனியை உண்டவள் சாகவில்லை, என்றும் சாகமாட்டாள் என்று கதை முடிகிறது. மூன்றாம் அதிகாரத்தில் இதே வாக்குறுதியைத் தந்தது யார் என்பது ஞானோபதேச வகுப்புக்கு வந்த குழந்தைகளுக்கும் தெரியும். ஆசிரியை அதை எண்ணிச் செய்தார் என்று நான் குற்றஞ்சாட்டவில்லை. கேள்வியை எடுத்தவர் பதிலைத் தேடவில்லை என்பதே என் வருத்தம்.

ஆனால் அவரே 2015இல் ஒரு காரியம் செய்தார். முதல் நூலின் பத்தாம் ஆண்டையொட்டி, ஆண் பெண் பாத்திரங்களை இடம் மாற்றி 'லைஃப் அண்ட் டெத்' என்று மீண்டும் எழுதினார். அதில் முடிவு வேறு. காட்டேரியாக மாறிய இளைஞன் இறந்துவிட்டதாகவே பெற்றோர் நம்புகிறார்கள். தன் சொந்த அடக்கச் சடங்கை அவன் மறைந்திருந்து பார்க்கிறான். தாயிடமும் தந்தையிடமும் திரும்பிச் செல்ல வழியில்லை. இதோ, விலை! இதைப் படித்தபோது எழுத்தாளர்மீது எனக்கிருந்த வருத்தம் பாதி தணிந்தது.

இத்தனையும் அந்த மாணவியிடம் சொன்னேன். அன்பைப் பற்றி நான் கூறியதை அவள் உடனே ஏற்கவில்லை. "கதையில அது அழகா இருந்துச்சு, ஃபாதர்" என்றாள். யோசித்துவிட்டு, "நிஜத்துல பயமா இருக்கும்" என்றாள். எனக்கு அது போதும். விலையைப் பற்றிச் சொன்னபோதோ, "அதேதான், அதேதான்!" என்று நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தனக்கு ஏற்பட்ட ஏமாற்றத்திற்கு ஒரு பெயர் கிடைத்த மகிழ்ச்சி அவள் முகத்தில் தெரிந்தது.

பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் ஒரு நூலில் ஏமாந்தால் "அதைத்தான் அப்போதே சொன்னேன்" என்று வெற்றி கொண்டாடாதீர்கள். ஏமாற்றம் என்பது நல்ல சுவை விழித்துக்கொள்வதற்கு அடையாளம். ஏன் பிடிக்கவில்லை என்று கேளுங்கள். கேட்பதற்கு முன் அந்த நூலை நீங்களும் படியுங்கள். இளையோரே, உங்களுக்கு நான் தடை எதுவும் விதிக்கவில்லை. எந்தக் கதையையும் முடித்த பிறகு இரண்டு கேள்விகள் மட்டும் கேட்டுப் பாருங்கள். இதில் அன்பு என்று சொல்லப்பட்டது அன்புதானா? இதில் சொன்ன விலை கொடுக்கப்பட்டதா?

அந்த நான்கு நூல்களையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கூடவே 'ஃபிராங்கன்ஸ்டைன்' ஒரு பிரதியும் கொடுத்தனுப்பினேன். போன ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அவள் தாயார் வந்தார். "சாமி, இப்பவும் ராத்திரியெல்லாம் படிக்கிறா" என்றார். "என்ன செய்யலாம் அம்மா?" என்றேன். "முடிச்சதும் எனக்குக் கதை சொல்றேன்னு சொல்லியிருக்கா, சாமி" என்று சிரித்துக்கொண்டே போனார்.