அவையோர் முன் ஆங்கிலம்



கல்லூரியை விட்டு வெளிவரும் இளைஞர் எத்துறையில் புகுந்தாலும், ஒரு நாள் சிலர் முன் எழுந்து நின்று, தாம் செய்த வேலையை ஆங்கிலத்தில் எடுத்துரைக்க நேரும். அலுவலகங்களில் இதனைப் பிரசன்டேஷன் என்கிறார்கள். விளக்கவுரை என்று நாம் சொல்லலாம். "இலக்கணம் தவறிவிட்டால் என்ன செய்வது?" என்பதே மாணவர்கள் என்னிடம் முதலில் கேட்கும் கேள்வி. பல ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பித்து வரும் நான் கண்டது வேறு. இலக்கணப் பிழையால் கெடும் உரைகள் சில. அமைப்பு இன்மையால் கெடும் உரைகளே பல.

இதற்கு ஒரு காரணம் நம் மொழிப் பழக்கத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. "மழை பெய்து, ஏரி நிரம்பி, கரை உடைந்து, ஊருக்குள் வெள்ளம் புகுந்தது" என்று எச்சங்களை அடுக்கி, பயனிலையை இறுதியில் வைப்பது தமிழ் மரபு. ஆங்கிலத்திலோ எழுவாயை ஒட்டியே பயனிலை வந்துவிடுகிறது. விவரங்கள் பின்னே வருகின்றன. அலுவலக உரையும் அவ்வாறே அமைய வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்போர் எதிர்பார்க்கிறார்கள்.

என் மாணவர் ஒருவர் தம் ஊர்க் கிணறுகளின் நீர்மட்டத்தை ஆராய்ந்திருந்தார். வேலைக்கான நேர்முகத் தேர்வில் அதைப் பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். ஊரின் வரலாறு, கிணறுகளின் எண்ணிக்கை, அளந்த முறை என்று அவர் வரிசையாகச் சொல்லி வந்தார். முடிவைச் சொல்ல வாய் திறந்தபோது மணி அடித்துவிட்டது. அவர் ஆங்கிலத்தில் குறையில்லை; வேலை கிடைக்கவில்லை. அடுத்த தேர்வில், "ஆழ்துளைக் கிணறுகள் பெருகிய இடங்களில் பழைய கிணறுகள் வற்றியுள்ளன, இதற்கு மூன்று சான்றுகள் காட்டுகிறேன்" என்று தொடங்கினார். கேட்டவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஆகவே, உரையை மூன்று பகுதிகளாக வகுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் பொருள் என்ன, உங்கள் முடிவு என்ன, எத்தனை பகுதிகளில் சொல்லப் போகிறீர்கள் என்பவற்றைக் கூறுங்கள். நடுவில் மூன்று கருத்துகளுக்கு மேல் வேண்டா. ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்று போதும். இறுதியில் முடிவை மீண்டும் சுருக்கிச் சொல்லி, கேட்போர் செய்ய வேண்டியது இன்னதென்று காட்டுங்கள். "தட்ஸ் ஆல்" என்று சொல்லிவிட்டுத் திடீரென்று உட்கார்ந்துவிடாதீர்கள்.

நூலைப் படிப்பவர் முன்பக்கத்தைப் புரட்டிப் பார்க்கலாம். உரையைக் கேட்பவர்க்கு அவ்வசதி இல்லை. அவருக்குக் கைகாட்டி மரம் போன்ற சில தொடர்கள் தேவை. "ஐ வில் பிகின் வித்" என்றால் தொடக்கம். "லெட் அஸ் நவ் டர்ன் டு" என்றால் அடுத்த பகுதி. "டு சம் அப்" என்றால் முடிவு நெருங்கிவிட்டது. இத்தகைய ஐந்தாறு தொடர்களைப் பழகிக்கொண்டால், நடுவே ஒரு சொல் தடுமாறினாலும் கேட்போர் வழி தவறமாட்டார்.

உரை முழுவதையும் மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு வரி மறந்தால் அனைத்தும் நின்றுவிடும். முதல் இரு வாக்கியங்களையும் கடைசி இரு வாக்கியங்களையும் நெட்டுருச் செய்யுங்கள். இடையிலுள்ளவற்றுக்குத் தலைப்புகளே போதும். நிமிடத்திற்கு ஏறத்தாழ 120 சொற்கள் என்ற நிதானத்தில் பேசினால், ஐந்து நிமிடத்தில் 600 சொற்களே அடங்கும்.

நல்ல அமைப்புக்கு ஓர் எடுத்துக்காட்டு. 1863 நவம்பர் 19 அன்று, அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க் நகரில், போரில் மாண்ட வீரர்களின் கல்லறைத் தோட்டத்தை அர்ப்பணிக்கும் விழா நடந்தது. எட்வர்டு எவரெட் என்னும் புகழ்பெற்ற நாவலர் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பேசினார். பின்னர் ஆபிரகாம் லிங்கன் இரண்டு நிமிட அளவே பேசினார். நாடு பிறந்த கதை, அன்று நடந்துகொண்டிருந்த போர், இனி உயிரோடிருப்போர் ஆற்ற வேண்டிய கடமை: அவ்வுரை இம்மூன்று படிகளில் ஏறி நின்றது. அதன் சிறப்பை எவரெட்டே மறுநாள் கடிதம் எழுதிப் பாராட்டினார்.

திருவள்ளுவர் அவையறிதலை 72ஆம் அதிகாரமாகவும், அவையஞ்சாமையை 73ஆம் அதிகாரமாகவும் வைத்தார். கேட்போர் யார், அவர்க்கு வேண்டுவது எது என்பதை முதலில் அறியுங்கள். அச்சம் பின்னர்த் தானே குறையும். இன்றிரவு உங்கள் பாடம் ஒன்றை எடுத்து, அதன் முடிவை ஒரே ஆங்கில வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். அவ்வாக்கியமே உங்கள் உரையின் தொடக்கமாகட்டும்.