பச்சை வாந்தி எடுத்தால் காத்திருக்காதீர்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



எஞ்சினியருக்கு இந்தப் பேச்சு எதற்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

எங்கள் ஊர் கீழ் கோத்தகிரி. என் அக்கா குழந்தை பிறந்த நாலாம் நாள் சாயங்காலம் வாந்தி எடுத்தது. தேயிலைக் கொழுந்து மாதிரி பச்சை. "பால் செரிக்கல, ஓமத்தண்ணி குடுங்க" என்றார்கள் பெரியவர்கள். படித்த நானோ, "இந்தப் பனியில எதுக்கு, காலையில பாத்துக்கலாம்"னு சொன்னேன். பக்கத்து வீட்டு நர்சம்மாதான் துணியைப் பார்த்துவிட்டு, "பச்சையா எடுத்தா நிக்கவே கூடாது தம்பி, கிளம்புங்க" என்று விரட்டினார். மேட்டுப்பாளையம் இறங்கி கோவை போனோம். அன்றிரவே ஆபரேஷன்.

காரணத்தை டாக்டர் படம் போட்டு விளக்கினார். கருவில் குடல் கொஞ்ச நாள் தொப்புள்கொடிக்குள் வளர்ந்து, பிறகு 270 டிகிரி சுழன்று வயிற்றுக்குள் வந்து படிகிறது. அந்தச் சுழற்சி முழுமையாகாவிட்டால் குடல் சரியான பிடிப்பில்லாமல் தொங்கும். முறுக்கிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்று சில மணி நேரத்தில் குடல் அழுகிவிடும். முறுக்கைப் பிரித்து, அழுத்தும் பட்டைகளை வெட்டி, குடலைப் பரப்பி வைக்கிறார்கள். பாஸ்டன் டாக்டர் வில்லியம் லாட் 1936ல் எழுதிய முறை இது.

இது ஒன்றுதான் என்றில்லை. சிறுகுடலின் தொடக்கமே அடைபட்டுப் பிறக்கும் குழந்தைகள் உண்டு. எக்ஸ்ரேயில் இரண்டு காற்றுக் குமிழிகள் தெரியும். பெருங்குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்கள் இல்லாமல் மலம் இறங்காத நோய்க்கு ஹிர்ஷ்ஸ்ப்ரங் என்று பெயர். அதற்கு 1948ல் ஸ்வென்சன் ஆபரேஷன் கண்டார். ஆசனவாய் இல்லாமலும் பிறப்பதுண்டு. பெரும்பாலானவற்றை இன்று சரிசெய்ய முடிகிறது, நேரத்துக்குப் போனால்.

எனவே நினைவில் வையுங்கள்: பச்சை வாந்தி, வயிறு உப்புதல், பிறந்து 24 மணி நேரமாகியும் கறுப்பு மலம் போகாமை. இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். பச்சை வாந்தி என்றால் பால் கொடுக்காமல், தாயின் மார்போடு அணைத்துச் சூடு குறையாமல் கொண்டு போங்கள். 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் இருக்கிறது. குழந்தைகள் அறுவைச் சிகிச்சைப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிக்கே அனுப்பச் சொல்லுங்கள்.

அக்கா மகன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். அவன் வயிற்றுத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் நான் சொன்ன "காலையில பாத்துக்கலாம்" காதில் விழுகிறது. அந்த வார்த்தையை நீங்கள் யாரும் சொல்லிவிட வேண்டாம்.